இருட்டில் நடப்பவர் எத்தனை மீட்டரில் தெரிவார்?

தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில், திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி போகும் சாலையில் இரவு முழுக்க ஆள் நடமாட்டம் இருக்கும். வெறுங்காலோடு நடப்பவர்கள் பகல் வெயிலையும் தார்ச்சூட்டையும் தவிர்க்க இரவில் நடப்பது இயல்பு. வழியில் போலீஸாரும் தன்னார்வலர்களும் அவர்களை நிறுத்தி, தோள்பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவார்கள். ஒட்டிக்கொள்கிறவர்கள் பலருக்கும் உள்ளுக்குள் ஒரு கேள்வி இருக்கும்: “எதிர்ல வர்ற வண்டியோட லைட்டு ஒரு கிலோமீட்டர் தள்ளியே எனக்குத் தெரியுது. அவ்வளவு வெளிச்சம் வச்சிருக்கிற ஆளுக்கு நான் தெரியமாட்டேனா?”

தெரியமாட்டீர்கள். ஹெட்லைட் தானாக ஒளி வீசுவதால் அது உங்கள் கண்ணுக்கு நேராக வந்துவிடுகிறது. நீங்கள் தெரிய வேண்டுமானால் அந்த ஒளி உங்கள்மேல் பட்டு, திரும்பிப் போய் ஓட்டுநரின் கண்ணை எட்ட வேண்டும். போகிற வழியிலும் திரும்பும் வழியிலும் அது சிதறும். மிச்சத்தை உடை விழுங்கும். தனக்கு வண்டி தெரிவதை வைத்து, வண்டிக்காரருக்கும் தான் தெரிவதாக நினைப்பதுதான் இரவில் நடப்பவர் செய்யும் முதல் பிழை. இருட்டில் தாங்கள் எவ்வளவு தூரத்தில் தெரிவோம் என்று கேட்டால், மக்கள் உண்மையைவிடக் கூடுதலான தூரத்தையே சொல்கிறார்கள் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

சுமாரான கணக்கு இது. டிம் லைட்டில் வரும் காரின் ஓட்டுநருக்கு, அடர்நிற உடையில் இருப்பவர் 25 முதல் 30 மீட்டரில்தான் பிடிபடுவார். வெளிர்நிற உடை என்றால் 40, 50 மீட்டர். ஒளிரும் பட்டை கட்டியிருந்தால் 130 மீட்டருக்கும் மேல். ஓட்டுநரின் வயது, கண்ணாடியின் அழுக்கு, விளக்கின் தரம் ஆகியவற்றைப் பொறுத்து இந்த எண்கள் கூடும், குறையும். ஆனால் வரிசை மாறாது.

விரத உடையின் நிறத்தையும் இங்கே பார்த்துவிடலாம். சபரிமலைக்குப் போகிறவர்களின் கறுப்பும் நீலமும் இரவில் மிக மோசமான நிறங்கள். சிவப்பு பளிச்சென்று தெரியும் என்று பலர் நம்புகிறார்கள். பகலில் அது சரி. வெளிச்சம் குறையக் குறைய நம் கண் முதலில் இழப்பது சிவப்பைத்தான். மங்கலான இடத்தில் சிவப்புச் சேலை கறுப்பாகவே தெரியும். சமயபுரத்துக்கு நடப்பவர்களின் மஞ்சள் இவற்றைவிடத் தேவலாம். வெள்ளை வேட்டி இன்னும் நல்லது.

வண்டி நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்?

வேகத்தை 3.6-ஆல் வகுத்தால் ஒரு நொடிக்கு எத்தனை மீட்டர் என்று கிடைக்கும். மணிக்கு 60 கி.மீ. என்பது நொடிக்கு 16.7 மீட்டர். ஒருவரைக் கண்டு, ‘இது ஆள்’ என்று புரிந்து, காலை பிரேக்குக்கு மாற்ற விழிப்பான ஓட்டுநருக்கு ஒன்றரை நொடி ஆகும். அதற்குள் வண்டி 25 மீட்டர் ஓடிவிடும், கொஞ்சமும் வேகம் குறையாமல். பிரேக் பிடித்த பிறகு, காய்ந்த சாலையில் நல்ல டயரோடு இன்னும் 20 மீட்டர். மொத்தம் 45. இதே கணக்கில் 40 கி.மீ. வேகத்துக்கு 26 மீட்டர், 80-க்கு ஏறத்தாழ 69 மீட்டர்.

இப்போது இரண்டு தூரங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடர்நிற உடைக்காரர் தெரிவது 25, 30 மீட்டரில். அந்தத் தூரத்துக்குள் வண்டியை நிறுத்த முடிகிற வேகம் 40 மட்டும்தான். 60-இல் வருகிறவர் எவ்வளவு நல்ல ஓட்டுநராக இருந்தாலும் நிறுத்த முடியாது. அவர் பார்க்கும்போதே விஷயம் முடிந்திருக்கும். இன்னொரு கணக்கும் உண்டு. 40-இல் வந்த கார் முழுதாக நின்றுவிட்ட அதே 26-ஆவது மீட்டரில், 60-இல் வந்த கார் என்ன வேகத்தில் இருக்கும்? பாதியாவது குறைந்திருக்கும் என்றே தோன்றும். ஒன்றரை நொடி அப்போதுதான் முடிந்து பிரேக் பிடிக்கவே ஆரம்பித்திருப்பதால், வேகம் ஏறத்தாழ 59 கி.மீ.

இதெல்லாம் தாராளமான கணக்கு. சாலை வடிவமைப்பவர்கள் இவ்வளவு நம்பிக்கை வைப்பதில்லை. சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் வடிவமைப்பு விதிகள் ஓட்டுநருக்கு இரண்டரை நொடி கொடுத்து, பிரேக் பிடிமானத்தையும் குறைத்துக்கொண்டு, 60 கி.மீ. வேகத்துக்கு 80 மீட்டர் பார்வைத் தூரம் வேண்டும் என்கின்றன. எதிர்பாராத இடத்தில், இரவில், களைத்த ஓட்டுநருக்கு அதுதான் உண்மைக்கு நெருக்கம்.

டிம் லைட் முதலில் தொடுவது கணுக்காலை

டிம் லைட்டின் அமைப்பைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும். எதிரே வருகிறவரின் கண் கூசாமலிருக்க, அந்த ஒளிக்கு மேலே ஒரு வெட்டுக்கோடு இருக்கும். அதற்கு மேல் வெளிச்சம் மிகக் குறைவு. பெரும்பாலான கார்களில் அந்தக் கோடு 1 சதவீதம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும், அதாவது 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர். விளக்கு தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 30 மீட்டர் தள்ளி அந்தக் கோடு 35 செ.மீ. உயரத்தில், முழங்காலுக்கும் கீழே இருக்கும். 50 மீட்டரில் 15 செ.மீ. உயரம். கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

அதனால் தூரத்திலிருந்து வரும் ஒளியில் உங்கள் உடலில் முதலில் நனைவது பாதமும் கணுக்காலும். தோள்பையில் ஒட்டிய ஸ்டிக்கர், தூரத்துக்கு நேராக அடிக்கும் ஹை பீமில் பிரமாதமாக மின்னும். டிம் லைட்டுக்கு அது உயரம் அதிகம். அது வீண் என்று சொல்லவில்லை, கோட்டுக்கு மேலும் கொஞ்சம் ஒளி கசியும், பட்டைக்கு அதுவே ஓரளவு போதும். ஆனால் ஒரே ஒரு பட்டைதான் கையில் இருக்கிறது என்றால் அது கணுக்காலுக்குப் போக வேண்டும்.

வெட்டுக்கோட்டில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுவதால், டிம் லைட் இடது ஓரத்தில் மேலே ஏறி, அந்தப் பக்கம் தூரம்வரை காட்டும். வலப்பக்கம் எதிர் வண்டி வரும் என்பதால் அங்கே தாழ்ந்தே இருக்கும். ஆகவே சென்டர் மீடியனிலிருந்து இறங்கி, ஓட்டுநரின் வலப்பக்கமிருந்து குறுக்கே வருகிறவர், இடது ஓரத்தில் நிற்பவரைவிடத் தாமதமாகத்தான் கண்ணில் படுவார். நான்குவழிச் சாலையில் முதல் பாதியைக் கவனமாகக் கடந்துவிட்டு, மீடியனில் ஏறியதும் ‘பாதி முடிந்தது’ என்று இறங்குகிறார்களே, அங்கே ஆபத்து கூடுகிறது, குறைவதில்லை. அதோடு எதிர்த்திசை வண்டிகளின் ஒளி பின்னாலிருந்து வீசினால், மீடியனில் நிற்பவர் அந்தக் கூச்சத்துக்குள் காணாமலே போய்விடுவார்.

ஒளிரும் பட்டை எப்படி வேலை செய்கிறது?

வெள்ளைத் துணி தன்மேல் பட்ட ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிக்கும். ஓட்டுநரின் கண்ணுக்குப் போவது அதில் துளிதான். முகம்பார்க்கும் கண்ணாடி ஒரே திசையில் திருப்பும், ஆனால் அது பெரும்பாலும் வேறெங்கோ போய்விடும். ஒளிரும் பட்டையில் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னக் கண்ணாடி மணிகளோ பட்டக அச்சுகளோ பதித்திருப்பார்கள். ஒளி எந்தக் கோணத்தில் வந்தாலும், வந்த வழியே அதைத் திருப்பி அனுப்புவதுதான் அவற்றின் வேலை. ஓட்டுநரின் கண் ஹெட்லைட்டுக்குக் கொஞ்சம் மேலேதானே இருக்கிறது, அதனால் திரும்பும் ஒளியில் நல்ல பங்கு அவருக்குக் கிடைக்கிறது.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். விளக்கை அணைத்துவிட்டுப் பட்டையைப் பத்தடி தள்ளித் தொங்கவிடுங்கள். டார்ச்சை இடுப்பருகே பிடித்து அடித்தால் பட்டை சாம்பல் நிறத்தில் சவமாகக் கிடக்கும். அதே டார்ச்சைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்து அடித்தால் சட்டென்று எரியும். செல்போனில் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்தாலும் தெரியும், ஃபிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்தில் இருப்பதால். கட்டியிருப்பவருக்கு மட்டும் தன் பட்டை மின்னுவது ஒருநாளும் தெரியாது. ‘இது என்னத்த மின்னுது’ என்று பலர் கழற்றிப் போடுவதற்கு அதுதான் காரணம்.

வாங்கும்போது நடக்கும் குழப்பம் ஒன்று உண்டு. துப்புரவுப் பணியாளர்கள் போடும் சட்டையில் ஆரஞ்சு அல்லது கிளிப்பச்சைத் துணி ஒன்று, அதன்மேல் சாம்பல் பட்டை ஒன்று. கண்ணைப் பறிக்கும் அந்தத் துணி பகலுக்கும் அந்தி நேரத்துக்கும் ஆனது. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிரை வாங்கித்தான் அது அப்படிப் பளபளக்கும். இரவில் அதற்கு வேலையில்லை. இரவில் காப்பாற்றுவது அந்தச் சாம்பல் பட்டை. எனவே பட்டையில்லாத நியான் டீசர்ட்டை அணிந்து அதிகாலை நாலரை மணிக்கு வாக்கிங் போகிறவர், சாதாரண மஞ்சள் சட்டைக்காரர் அளவுக்குத்தான் தெரிவார்.

துணியில் தைக்கும் பட்டை 5 செ.மீ. அகலத்தில் கிடைக்கும். லாரிகளின் பின்னால் ஒட்டும் ஸ்டிக்கர் விறைப்பானது, துணியில் நிற்காது. ஆனால் கைத்தடி, குடைக்காம்பு, சைக்கிள் மட்கார்டு ஆகியவற்றுக்கு அதுவே நல்லது. பட்டை செத்துப்போகும் வழிகள் மூன்று: சேறு படிந்து மூடுவது, மேலேயே இஸ்திரி போடுவது, அடித்துத் துவைத்து மணிகள் உதிர்வது. ஈரத்துணியால் துடைத்தாலே போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேலே சொன்ன டார்ச் சோதனையைச் செய்து, மங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

தெரிவது வேறு, ‘ஆள்’ என்று புரிவது வேறு

முதுகில் ஒரு சதுர ஸ்டிக்கர் மின்னினால், ஓட்டுநர் அதை மைல்கல் என்றோ நிறுத்திய டிராக்டர் என்றோ நினைக்கலாம். ஏதோ இருக்கிறது என்று தெரியும், என்ன என்று தெரியாது. கால் பிரேக்குக்குப் போக அது போதாது.

சுவீடன் உளவியலாளர் குன்னார் யோஹான்சன் 1973-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகள் தெரிகிற மாதிரி இருட்டில் ஒருவரை நடக்கவிட்டு, அந்தப் படத்தை மற்றவர்களுக்குக் காட்டினார். புள்ளிகள் அசையாமல் இருக்கும்வரை யாருக்கும் எதுவும் புரியவில்லை. அவை அசைந்ததும், நொடியின் ஒரு பங்குக்குள் ‘மனிதர் நடக்கிறார்’ என்று சொல்லிவிட்டார்கள். மனிதக் கை கால் வீச்சை அடையாளம் காண நம் மூளை அவ்வளவு பழகியிருக்கிறது. பின்னால் வந்த சாலை ஆய்வுகள் இதையே பயன்படுத்தின. அதே அளவுப் பட்டையை மார்பில் கட்டுவதைவிட, கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு என்று அசையும் இடங்களில் கட்டினால் ஓட்டுநர்கள் வெகுதூரத்திலேயே ஆளைக் கண்டுகொள்கிறார்கள்.

டிம் லைட்டின் கணக்கும் கணுக்காலைச் சொல்கிறது, மூளையின் கணக்கும் கணுக்காலைச் சொல்கிறது. இரண்டு கணுக்காலிலும் சுற்றி ஒரு பட்டை, சாலையை ஒட்டிய கையில் ஒன்று: இது போதும். குளிர்காலத்தில் பகல் சில மணி நேரமே இருக்கும் பின்லாந்தில், கோட்டுப் பையிலிருந்து நூலில் முழங்கால் அருகே தொங்கி ஆடும் சின்ன பிளாஸ்டிக் வில்லை பல பத்தாண்டுகளாகப் பழக்கத்தில் இருக்கிறது. ஆடுவதால்தான் அதற்கு மதிப்பு. எதுவும் கிடைக்கவில்லையென்றால் செல்போன் டார்ச்சைப் போட்டு, கையைத் தொங்கவிட்டு, நடையோடு ஆடவிடுங்கள். ஓட்டுநரின் முகத்துக்கு நேரே மட்டும் பிடிக்காதீர்கள். கண் கூசியவருக்கு நீங்கள் நிற்கும் இடமே தெரியாது.

நடக்கும் பக்கம், கடக்கும் இடம்

நடைபாதை இல்லாத சாலையில் வலது ஓரமாக, வண்டிகளை எதிர்நோக்கி நடக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் வருவதை யாராலும் பார்க்க முடியாது. எதிரே வருவதைப் பார்த்து ஓரடி ஒதுங்கவாவது முடியும். நம் ஊரில் எதிர்த்திசையில் ஓரமாக ஓட்டி வருகிற பைக்குகளும் உண்டு என்பதால், அவ்வப்போது திரும்பியும் பார்க்க வேண்டியிருக்கிறது. கூட்டமாகப் போனால் ஒருவர் பின் ஒருவராக, முன்னால் போகிறவர் கையில் வெள்ளை விளக்கு, கடைசி ஆளிடம் சிவப்பு விளக்கு.

கடப்பதற்கு எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதும் கணக்குதான். இருவழிச் சாலையின் அகலம் 7 மீட்டர். நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் நடந்தால் 6 நொடி. அதற்குள் 60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி 100 மீட்டர் ஓடிவிடும். நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கிற வயதானவருக்கு 9 நொடி ஆகும், வண்டி 150 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். சாலையோர மின்கம்பங்களின் இடைவெளி பெரும்பாலும் 30 மீட்டர் சுமாராக இருக்கும்; கம்பத்தை எண்ணிப் பழகினால் கண் தானாக அளக்கும்.

இரவில் அந்த அளவையும் நம்ப முடியாது. இரண்டு ஹெட்லைட்டுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி விரிவதை வைத்துத்தான் கார் எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்று நாம் ஊகிக்கிறோம். பைக்குக்கு ஒற்றை விளக்கு, விரிவதற்கு எதுவும் இல்லை; தூரமும் வேகமும் இரண்டுமே ஏமாற்றும். ஒரு விளக்கு எரியாத கார் இன்னும் மோசம்: பைக் என்று நினைத்து ஒதுங்கினால், ஒதுங்கிய இடத்திலேயே அதன் மறுபாதி வரும்.

பஸ்ஸிலிருந்து இறங்கி அதன் முன்னால் கடப்பது உயிரோடு விளையாடுவது. உயரத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு பம்பரை ஒட்டி நிற்கும் பிள்ளை தெரியாது. பஸ்ஸை முந்துகிற பைக்காரருக்கோ பஸ் மட்டும்தான் தெரியும். பஸ் போகட்டும். அரை நிமிஷம்தான். இதன் இன்னொரு வடிவம் ஜீப்ரா கிராசிங்கில் நடக்கும்: முதல் லேனில் ஒரு கார் மரியாதையாக நின்று வழிவிடும், அடுத்த லேனில் வருகிறவருக்கு அந்தக் காரே திரை. நின்ற வண்டியின் விளிம்புவரை போய், எட்டிப் பார்த்து, பிறகு அடுத்த அடி.

அந்தியில் உங்கள் நிழல் நீண்டு வண்டி வரும் பக்கம் விழுந்தால், அந்த ஓட்டுநர் நேராகச் சூரியனைப் பார்த்து ஓட்டுகிறார் என்று அர்த்தம். மழையில் நனைந்த சாலை கண்ணாடியாகி ஹெட்லைட் ஒளியை முன்னால் தள்ளிவிடும், ஓட்டுநருக்குத் திரும்பி வராது. பிரேக் தூரமும் நீளும். கறுப்புக் குடையை மாற்றக் காரணம் தேடுகிறவர்களுக்கு இது போதும்.

யார் பொறுப்பு, எவ்வளவு?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள், ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். பட்டை கட்டச் சொல்லிவிட்டுப் பொறுப்பை முழுக்க அவர்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை. பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் சமபங்கு இல்லை. ஒரு டன் எடையை 60 கி.மீ. வேகத்தில் நகர்த்துகிறவர் பங்கு, செருப்போடு நடப்பவர் பங்கைவிடப் பெரியது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், கார் மோதும் வேகம் 50-இலிருந்து 65 ஆனால் நடப்பவர் இறக்கும் அபாயம் 4.5 மடங்காகிறது.

ஓட்டுநர் செய்யக்கூடியது எளிது. விளக்கு காட்டும் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகத்தில் போவது. ஆளில்லாத சாலையில் ஹை பீம், எதிர் வண்டி வந்ததும் டிம். டிம் போட்டதும் வேகத்தையும் குறைக்க வேண்டும் என்பதைத்தான் பெரும்பாலோர் மறக்கிறார்கள். பின்சீட்டிலும் டிக்கியிலும் பாரம் ஏறினால் காரின் மூக்கு தூக்கி, டிம் லைட்டும் எதிராளியின் கண்ணில் அடிக்கும். அதற்குத்தான் ஸ்டீயரிங் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண் போட்ட சின்ன உருளை இருக்கிறது: தனியாகப் போனால் 0, முழுப் பாரத்துக்கு 2 அல்லது 3. விளக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்துங்கள். வெளிச்சத்தின் மேல்கோடு விளக்கின் உயரத்தைவிட 10 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். வலப்பக்கம் திரும்பும்போது முன்கண்ணாடித் தூணுக்குப் பின்னால் ஒரு முழு ஆளே மறைவார். தலையை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தால்தான் தெரியும். சிக்னல் இல்லாத ஜீப்ரா கிராசிங்கில் நடப்பவருக்கே முதல் உரிமை என்று 2017-ஆம் ஆண்டின் ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. நடைமுறை எப்படி என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

மூன்றாவது பங்கு சாலை போட்டவருடையது, அதிகம் பேசப்படாததும் அதுதான். 1997-இல் சுவீடன் நாடாளுமன்றம் ஏற்ற ‘விஷன் ஜீரோ’ கொள்கை, மனிதர் தவறு செய்யத்தான் செய்வார், அந்தத் தவறுக்கு உயிர் விலையாகாதபடி சாலையை அமைப்பது அமைப்பவரின் கடமை என்றது. இங்கே வழக்கைத் தொடங்கியவர் கோயம்புத்தூர் எலும்பு அறுவை மருத்துவர் எஸ்.ராஜசேகரன். அவர் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில்தான், தடையில்லாத நடைபாதை அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னது. நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்று விதி பல ஆண்டுகளாக இருக்கிறது; அதில் டிரான்ஸ்ஃபார்மரும் பைக்கும் நிற்கின்றன, மனிதர் தார்ச்சாலையில் இறங்குகிறார்.

உங்கள் தெருவில் கவனிக்கச் சில: கடக்கும் இடத்துக்கு நேர் மேலே தெருவிளக்கு இருந்தால் தலையும் தோளும் மட்டும் ஒளிரும், வண்டி வரும் பக்கம் சில மீட்டர் முன்னால் இருந்தால் ஓட்டுநர் பார்க்கும் பக்கம் முழுக்க வெளிச்சம் படும். ஜீப்ரா கோட்டை ஒட்டி நிறுத்திய ஒரு கார், மூன்றடி உயரப் பிள்ளையை முழுதாக மறைக்கும். பச்சை விளக்கு நேரத்தை வாட்சில் பாருங்கள்: 14 மீட்டர் சாலைக்கு 12 நொடி தந்தால் இளைஞருக்குச் சரி, நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கிற பாட்டிக்குப் பதினேழரை நொடி வேண்டும். மனு எழுதும்போது ‘ஆவன செய்யவும்’ என்பதோடு நிறுத்தாமல், விளக்குக் கம்பத்தின் எண்ணையும் அளந்த நொடிக்கணக்கையும் சேர்த்து எழுதுங்கள்.